இருமுறை எழுதப்பட்ட குடும்பக் கதை

பங்கு இல்லத்து மர அலமாரியில் உறங்கும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைத் தேடி அவ்வப்போது சிலர் நம்மிடம் வருவதுண்டு. பாட்டனின் பாட்டன் பெயர் எங்காவது கண்ணில் படாதா என்னும் ஆவல் அவர்களுக்கு. கறையான் தின்ற ஓரத்தில், மங்கிய மையில் அந்தப் பெயரைக் கண்டுவிட்டால் அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நாம் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறோம். முன்னோரைத் தேடுவது நல்ல பசிதான். ஆயினும் பதிவேடு ஓர் எல்லை வரைதான் பேசும். இன்னார் மகன் இன்னார் என்று சொல்லும். அவர் உழுத நிலம் அவருக்கு முன் யார் கையில் இருந்தது என்று சொல்லாது. அதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே நமக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

அந்தக் கேள்வி தோன்றியதால் தம் குடும்ப வரலாற்றை இருமுறை எழுத நேர்ந்தவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட் (1915-2000) அவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆர்மிடேல் நகருக்கு அருகே, செம்மறியாடும் மாடும் வளர்த்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1959இல் 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' என்ற நூலை வெளியிட்டார். மனிதத் தலைமுறைகள் என்று அதன் பொருளைக் கொள்ளலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், 'தி க்ரை ஃபார் தி டெட்' வெளிவந்தது. அதை 'இறந்தோருக்கான ஒப்பாரி' என்று நாம் சொல்லிப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே குடும்பத்தைப் பற்றியவை, ஒரே நிலப்பரப்பில் நடப்பவை. பாட்டனார் விட்டுச் சென்ற நாட்குறிப்புகளே இரண்டுக்கும் ஆதாரம். அப்படியிருந்தும் முதல் நூலைப் படித்து மகிழ்ந்தவர், இரண்டாவதை மூடி வைக்கும்போது தாம் முன்பு மகிழ்ந்ததைக் குறித்தே சற்றுக் கூசிப் போவார். நமக்கும் அவ்வாறே நேர்ந்தது.

கதையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. வில்ட்ஷர் மாவட்டத்தில், சாலிஸ்பரிக்கு மேற்கே, டின்டன் என்றொரு சிற்றூர். அங்கே நிலவுடைமையாளராய் வாழ்ந்த விண்டம் குடும்பத்தில் 1801இல் பிறந்தவர் ஜார்ஜ் விண்டம். அக்கால ஆங்கிலேய வழக்கப்படி மூதாதையர் நிலம் முழுவதும் தலைமகனுக்கே போய்ச் சேரும். இளையவர்கள் குருத்துவத்தையோ, படைத்துறையையோ, கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளையோ நாட வேண்டியதுதான். தலைமகனாய்ப் பிறவாத ஜார்ஜ் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். 1827இல் புதுமனைவி மார்கரெட்டுடன் கப்பலேறி, அவ்வாண்டின் இறுதியில் சிட்னி வந்து சேர்ந்தார். ஹண்டர் ஆற்றங்கரையில் நிலம் வாங்கி அதற்குத் தால்வுட் என்று ஆங்கிலப் பெயர் சூட்டினார். தண்டனைக் கைதிகளின் உழைப்பைக் கொண்டு காடு திருத்தினார், வீடு கட்டினார், திராட்சைக் கொடிகள் நட்டார். முதலில் நட்டவை பட்டுப்போயின, மீண்டும் நட்டார். ஆஸ்திரேலியத் திராட்சை மதுவின் வரலாற்றில் தால்வுட்டுக்கு இன்றும் பெருமைக்குரிய இடம் உண்டு.

பின்னர் 1840களின் தொடக்கத்தில் பொருளாதாரச் சரிவு வந்தது. கம்பளி விலை வீழ்ந்தது. ஆடுகளை விற்கவும் வழியின்றிப் பெரிய கொப்பரைகளில் இட்டுக் காய்ச்சி, மெழுகுவத்திக்கும் சவர்க்காரத்திற்கும் கொழுப்பு எடுத்து விற்ற காலம் அது. 1845இல் ஜார்ஜ், மனைவி மக்களோடு வண்டிகள் கட்டிக்கொண்டு, மந்தைகளை முன்னே ஓட்டி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இஸ்ரயேலர் பாலைநிலத்தில் நடந்த நடை நம் நினைவுக்கு வருமாறு அந்தப் பயணம் அமைந்திருக்கிறது. வாக்களிக்கப்பட்ட நாட்டில் கானானியர் இருந்தார்கள் என்ற நினைவும் உடன் வந்திருக்க வேண்டும். ஆனால் முதல் வாசிப்பில் நமக்கு அது வரவில்லை. ஆசிரியர் அதை வரவிடவில்லை என்று சொல்வதே சரி.

முதல் நூலின் இதயம் விண்டம் அல்லர். அவர் வழிவந்த மே என்ற பெண்ணும், அவரை மணந்த ஆல்பர்ட் ரைட்டும்தான். இவர்களே ஜூடித்தின் தந்தைவழிப் பாட்டியும் பாட்டனாரும். குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில், அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு வீடும் இல்லாத மேய்ச்சல் பண்ணைகளில் இவர்கள் இல்வாழ்க்கை நடத்தினார்கள். வறட்சி, வெள்ளம், காய்ச்சல், வங்கிக் கடன் என்று ஒன்று போய் ஒன்று வருகிறது. கடனைத் தீர்க்க மந்தையைப் பெருக்க வேண்டும். மந்தையைப் பெருக்க மேலும் கடன் வாங்க வேண்டும். இந்தச் செக்கில் சுற்றிச் சுற்றியே ஆல்பர்ட் ஓய்ந்து போகிறார். 1890இல் அவர் இறந்தபோது மே கையில் எஞ்சியவை கடனும் குழந்தைகளும். கணக்குப் புத்தகத்தைத் தாமே கையில் எடுத்து, நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தில் உள்ள வொங்விபிண்டா பண்ணையில் இருந்துகொண்டு, அந்தக் கைம்பெண் குடும்பத்தைக் கரையேற்றினார். அந்தப் பகுதிகளைப் படிக்கையில், நம் பங்குகளில் கணவனை இழந்தபின் கடையையோ வயலையோ ஏற்று நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மாரின் நினைவு வராமல் போகாது.

கலை நோக்கில் இது மிக நல்ல நூல். நாட்குறிப்பில் வறண்ட ஒற்றை வரியாய் இருப்பதைக் கவிஞரின் கற்பனை காட்சியாக விரிக்கிறது. மழை பெய்தது, இத்தனை ஆடு மயிர் கத்தரித்தோம், இன்னார் வந்து போனார் என்ற அளவிலான குறிப்புகளுக்குள் புகுந்து, எழுதியவரின் அலுப்பையும் அச்சத்தையும் நம் கையில் எடுத்துத் தருகிறார் ஆசிரியர். பாட்டியைச் சிறுவயதில் நேரில் அறிந்தவர் என்பதால் மேயின் உருவம் உயிரோடு நடமாடுகிறது. வரலாறா, புதினமா என்று பிரித்துச் சொல்ல முடியாத நடை. அதை ஒரு குறையாக நாம் கருதவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்நூலில் ஆதிக்குடிகள் வருகிறார்கள்; பண்ணையில் வேலை செய்கிறார்கள், குதிரை ஓட்டுகிறார்கள், தொலைவில் தீ மூட்டி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்தது கொடுமை என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஆல்பர்ட்டின் மனத்தில் அது ஒரு பாரமாய்க் கிடப்பதை உணர்த்தியே செல்கிறார். ஆனால் அந்த மக்கள் குடியேறிகளின் மனச்சோர்வுக்குப் பின்னணி இசை போல வந்து போகிறார்கள். அவர்களுடைய துயரம் ஆல்பர்ட்டின் துயரத்தை ஆழப்படுத்தப் பயன்படுகிறது. அவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. நிலம் யாருமற்றுக் கிடந்தது என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் அப்படித்தான் பதிகிறது.

இதற்காக 1959ஆம் ஆண்டின் எழுத்தாளரை நாம் இன்று உட்கார்ந்துகொண்டு எளிதாகக் குறைகூறிவிடலாகாது. அந்நாட்டின் வரலாற்று நூல்கள் அனைத்துமே அப்போது அப்படித்தான் இருந்தன. ஸ்டேனர் என்ற மானிடவியலாளர் 1968இல் ஆற்றிய வானொலி உரைகளில் அதை ஒரு பெரும் மௌனம் என்று பெயரிட்டுச் சுட்டிக்காட்டிய பிறகே பலருக்கு அது மௌனம் என்றே தெரிய வந்தது.

வியப்பு என்னவென்றால், உரைநடையில் ஒதுக்கி வைத்ததை ஜூடித்தின் கவிதை முன்பே அறிந்திருந்தது. 1946இல் வந்த முதல் தொகுப்பிலேயே, ஆதிக்குடிகள் ஆடல் நிகழ்த்திய 'போரா' வளையம் புல் மூடிக் கிடப்பதைப் பாடியிருக்கிறார். அதே தொகுப்பின் இன்னொரு கவிதை, நியூ இங்கிலாந்தில் ஒரு மலைமுகட்டிலிருந்து கறுப்பின மக்கள் விரட்டித் தள்ளப்பட்டதை நினைவுகூர்கிறது. தந்தையார் சொல்லிக் கேட்ட செய்தி அது. 1955இல் வந்த தொகுப்பில் 'கூலூலாவில்' என்ற கவிதை இருக்கிறது. பட்டப்பகலில் குதிரையேறிச் சென்ற பாட்டனார் முன் போர்க்கோலம் பூண்ட கறுப்பு வீரனொருவன் ஆவியாய்த் தோன்றி மறைகிறான். பேத்தியோ அதே நாட்டின் ஏரிக்கரையில் நின்று, இந்த நிலம் தன்னை நேசிக்கவில்லை என்பதை உணர்கிறாள். இவ்வளவும் எழுதியவர்தாம் நான்காண்டுகள் கழித்து அந்த முதல் நூலை எழுதினார். உள்ளம் ஒன்றை அறிந்த பின்னும் அதைக் குடும்பத்தாரின் முன்னிலையில் வெளிப்படையாகச் சொல்ல நெடுங்காலம் ஆகிறது. ஒப்புரவுத் தொட்டிலில் அமர்ந்து கேட்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இடைக்காலத்தில் அவரை மாற்றியவற்றுள் ஒரு நட்பு முதன்மையானது. கேத் வாக்கர் என்ற பெயரில் எழுதி, பின்னாளில் ஊட்ஜெரூ நூனுக்கல் என்ற தம் குலப்பெயரை ஏற்ற ஆதிக்குடிக் கவிஞரின் கையெழுத்துப் படி, ஒரு பதிப்பகத்தின் வழியே ஜூடித்தின் பார்வைக்கு வந்தது. அதை வெளியிட வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1964இல் வெளிவந்த அந்நூலே ஆதிக்குடி ஒருவர் எழுதி அச்சேறிய முதல் கவிதைத் தொகுப்பு. இருவரும் உடன்பிறவாச் சகோதரியராயினர். தன் தாத்தாவின் நிலம் தோழியின் மக்களிடமிருந்து வந்தது என்று உணர்ந்த ஒருவர், அந்தத் தோழியின் முகத்தை நேரே பார்த்துப் பேசுவது எப்படி? 1970களில் அவர் தோழியை நோக்கி எழுதிய கவிதை இந்தக் கேள்வியோடுதான் போராடுகிறது. 1979இல் ஆதிக்குடிகளுடன் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று கோரி அமைந்த குழுவிலும் அவர் முன்நின்று உழைத்தார்.

இனி இரண்டாம் நூல். அதே ஹண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் தொடங்குகிறது. ஆனால் இப்போது அது வொன்னாருவா மக்களின் நாடு. விண்டம் வந்து சேர்ந்த அதே 1827இல், மே மாதம், அப்பள்ளத்தாக்கில் பிடிபட்ட ஆதிக்குடிக் கைதி ஒருவனைச் சுட்டுக்கொல்லச் செய்ததாக லோ என்ற படை அதிகாரி சிட்னியில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்தச் செய்தி ஆறும் முன்பே தால்வுட்டில் கொடிகள் நடப்பட்டன. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அறிந்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரே ஒரு வேறுபாடு: ஆகாபு அரசனுக்கு நாபோத்தின் பெயர் தெரியும்.

வடக்கே செல்லச் செல்லக் கதை இருள்கிறது. 1838 ஜூன் 10 அன்று மயால் க்ரீக் பண்ணையில், பெண்களும் சிறுவரும் முதியவருமாக ஏறத்தாழ 28 பேர் கயிற்றில் பிணைத்துக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டனர். அதற்காக வெள்ளையர் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டனர். அதன் பின் கொலைகள் நிற்கவில்லை. அவற்றைப் பற்றிப் பேசுவதுதான் நின்றது. 1844-45இல் லைக்கார்ட் என்ற தேடலாய்வாளர் டாசன், மெக்கன்சி ஆறுகளின் வழியே சென்று புல்வெளிகளைப் புகழ்ந்து எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் மந்தைகள் அங்கே வந்து இறங்கின. ஆடுகள் நீர்நிலைகளைக் கலக்கிச் சேறாக்கின. பெண்கள் தோண்டி உண்ட கிழங்குச் செடிகள் மேய்ச்சலில் அழிந்தன. குடிநீருக்கு வந்தவர்கள் அத்துமீறியோர் ஆனார்கள். 1857 அக்டோபரில் ஹார்னெட் பாங்க் பண்ணையில் வெள்ளையர் 11 பேரும், 1861 அக்டோபரில் கல்லின்லாரிங்கோவில் 19 பேரும் ஆதிக்குடிகளால் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி மாதக்கணக்கில் நடந்த வேட்டையில் மாண்டவர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் அந்தக் கொலைகளோடு தொடர்பே இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

இந்த வேட்டைக்கு அரசிடம் ஒரு கருவி இருந்தது. சுதேசிக் காவற்படை என்று அதற்குப் பெயர். தொலைவான பகுதிகளிலிருந்து ஆதிக்குடி இளைஞர்களையே திரட்டி, வெள்ளை அதிகாரிகளின் கீழ் வைத்து, அறிமுகமில்லாத குலத்தார் மீது ஏவினர். அந்த அதிகாரிகளின் அறிக்கைகளில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வரும்: கூட்டத்தைக் 'கலைத்தோம்' என்பது. அதன் பொருள் சுட்டோம் என்பதே. எழுதியவருக்கும் தெரியும், பெற்றுக்கொண்ட மேலதிகாரிக்கும் தெரியும். சொற்களையே தொழிலாகக் கொண்ட ஒரு கவிஞர் அரசு ஆவணங்களைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டுகையில் இத்தகைய ஒரு சொல்லுக்கு முன் எப்படி நின்றிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

ஆல்பர்ட் ரைட் மத்திய குயின்ஸ்லாந்தில் குடும்பத்தோடு வாழத் தொடங்கியபோது பெரும் வன்முறைகள் பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டன. அந்நிலத்துக்குரிய வாட்ஜா மக்களில் எஞ்சியவர்கள் பண்ணைகளின் ஓரத்தில், மாவுக்கும் புகையிலைக்கும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பேத்தி பாட்டனாரைக் கொலைகாரர் என்று கூண்டில் ஏற்றவில்லை. ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்ட வீட்டில் அவர் குடிபுகுந்தார் என்று காட்டுகிறார். நாட்குறிப்பு முன்பு சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறது. மழை, ஆடு, கடன். அதைச் சுற்றி இம்முறை செய்தித்தாள்களும் விசாரணைக் குழு அறிக்கைகளும் நிறுத்தப்பட்டிருப்பதால், அந்த வரிகளில் இல்லாதவையே நம் கண்ணில் படுகின்றன.

இரண்டாம் நூல் படிக்கச் சுகமானதன்று. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆவணங்கள் குவிகின்றன, பண்ணைப் பெயர்கள் நெரிசலாய் வருகின்றன, முகங்கள் மறைகின்றன. முதல் நூலில் நம்மோடு பேசிச் சிரித்த மே இங்கே ஏறக்குறைய காணாமலே போகிறார். நடுப்பகுதியில் நாம் இருமுறை நூலைக் கீழே வைத்தோம். கவிஞர் தம் கலையை மறந்துவிட்டார் என்று அப்போது எண்ணியது உண்மை. மறுவாசிப்பில் அந்த எண்ணம் மாறியது. பாட்டனாரின் மனத்துக்குள் கற்பனையால் புகுந்த அதே எழுத்தாளர், இறந்துபட்ட வாட்ஜா மக்களின் மனத்துக்குள் அவ்வாறு புகவில்லை. அவர்கள் வாயில் தம் சொற்களை இடவில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டவரின் பேத்தி குரலையும் எடுத்துக்கொள்ளலாகாது என்ற கூச்சம் அது என்று நாம் கருதுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையாக நூல் வறண்டது. அவர் அறிந்தே கொடுத்த விலை அது. ஆனாலும் ஒரு துயரம் எஞ்சுகிறது: அம்மக்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை அனைத்தும் அவர்களைத் துரத்தியவர்கள் எழுதி வைத்த தாள்கள் வழியாகவே கிடைக்கின்றன.

முன்னோரை இப்படி வெளியில் இழுத்துப் போடுவது பிள்ளைகளுக்குத் தகுமா என்ற கேள்வி நம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். தந்தை தாயை மதித்து நட என்ற கட்டளையோடு இது எவ்வாறு பொருந்தும்? மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். அதில் தாமாரையும் இராகாபையும் விடாமல் எழுதுகிறார். தாவீதின் பெயரை எழுதும்போது உரியாவின் மனைவி என்று சேர்த்தே எழுதுகிறார். பத்சேபா என்று மட்டும் எழுதிக் கடந்து போயிருக்கலாம். கொல்லப்பட்ட கணவனின் பெயரை அந்தப் பட்டியலில் நிறுத்தி வைத்ததால் தாவீதின் மதிப்பு குறைந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. ஜூடித்தும் பாட்டனாரைத் துறந்துவிடவில்லை. இரண்டாம் நூலிலும் ஆல்பர்ட் களைத்த, நேர்மையான, கடன்பட்ட மனிதராகவே இருக்கிறார். அன்பு அப்படியே இருக்கிறது. அறியாமை மட்டும் போய்விட்டது. இந்த நிலையில் நின்று எழுதுவது முன்னோரைப் புகழ்வதைவிடவும் பழிப்பதைவிடவும் கடினம்.

அதே 1981இல்தான் ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற வரலாற்றாசிரியரும் எல்லைப்புறத்தை மறுபக்கத்திலிருந்து காணும் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். 1992 ஜூன் 3 அன்று அந்நாட்டின் உயர்நீதிமன்றம், நிலம் உரிமையாளரற்றுக் கிடந்தது என்ற பழைய கோட்பாட்டை மாபோ வழக்கில் தள்ளியது. 2000ஆம் ஆண்டில், இறப்பதற்குச் சற்று முன், எண்பத்தைந்து வயதை எட்டிய ஜூடித் கான்பெராவில் நடந்த ஒப்புரவு நடைப்பயணத்தில் கலந்துகொண்டார். 2008இல் நாடாளுமன்றம் ஆதிக்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. 2023இல், அவர்களுக்கென ஓர் ஆலோசனைக் குரலை அரசியல் சாசனத்தில் சேர்ப்பதற்கான பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றனர். ஜூடித் கேட்ட உடன்படிக்கை நாடளவில் இன்னும் கையெழுத்தாகவில்லை.

இவ்விரு நூல்களையும் படிக்க விழைபவர் வெளிவந்த வரிசையிலேயே படிக்குமாறு வேண்டுகிறோம். இரண்டாவதை மட்டும் படிப்பவருக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையாய் முடிந்துவிடும். முதலில் மேயோடு சிரித்து, ஆல்பர்ட்டின் கடன்களுக்காகக் கவலைப்பட்டு, அக்குடும்பத்தில் ஒருவராக ஆகிவிட வேண்டும். இரண்டாவதை முடித்தபின் முதல் நூலின் தால்வுட் பக்கங்களுக்கு ஒருமுறை திரும்புங்கள். நாம் திரும்பிப் பார்த்தோம். ஆற்றங்கரை வண்டல், வரிசையாய்க் கொடிகள், புது வீட்டின் தூண்கள் எல்லாம் முன்போலவே அழகாய் இருந்தன. இம்முறை ஆற்றின் மறுகரையிலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது.